நார்த்தாமலை கற்பித்த விலைக் கணக்கு

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சென்றிருப்பீர்களாயின், நகரை அடைய ஏறத்தாழ 17 கிலோமீட்டர் இருக்கையில், யானைகள் படுத்திருப்பன போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகளைக் கண்டிருப்பீர்கள். அதுவே நார்த்தாமலை. சோழர் காலத்தில் இது வணிகர்களின் ஊர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் இங்கு செல்வாக்குற்றிருந்தனர். 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலையென மருவிற்று என்பர். தரமறிந்து விலை பேசியோர் வாழ்ந்த அவ்வூரில்தான், விலையறியாது ஏமாந்த நான் ஒரு பாடம் கற்றேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் மகனை மூன்று நாள் 'சாகசப் பயிற்சி முகாம்' ஒன்றுக்கு அனுப்பினேன். கட்டணம் என் மாத ஊதியத்தில் பாதி. திரும்பியவன் கையில் சான்றிதழும், உடலில் முகாமின் பெயர் பொறித்த புதுப் பனியனும் இருந்தன. மகிழ்ந்தேன்.

சில வாரங்களுக்குப் பின், மத்ரஸா மாணவர்கள் பன்னிருவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு மேலமலை சென்றேன். விஜயாலய சோழீச்சரத்தின் கருவறை வட்டமாகவும், அதைச் சூழ்ந்த சுவர் சதுரமாகவும் அமைந்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையை விளக்கினேன். இறங்கும்போது தூறல் விழுந்தது. ஈரப் பாறையில் ஒரு மாணவன் வழுக்கி, கணுக்கால் பிசகி அமர்ந்துவிட்டான். வலியில் அவன் முகம் வெளிறியது.

"கட்டுப் போடப்பா, முகாமில் கற்றாயே!" என்றேன் மகனிடம்.

"இல்லை அத்தா! முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கயிற்றில் ஒருமுறை இறக்கினார்கள். மற்ற நேரமெல்லாம் வரிசையில் காத்திருந்தோம்" எனத் தலைகுனிந்தான்.

அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் விரைந்து வந்தார். தம் துண்டால் கால் அசையாதவாறு கட்டி, ஈரம் படியாத பாறை வழியே மாணவனைக் கைத்தாங்கலாக இறக்கினார். கூலி எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

கட்டணப் பயிற்சியே வீண் என்பதல்ல என் முடிவு. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமயமலை மலையேற்ற நிறுவனத்திலும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்திலும் அடிப்படைப் பயிற்சியே 28 நாட்கள். மாணவரின் திறனை மதிப்பிட்டுத் தரம் வழங்குகின்றனர். உயர்தரம் பெற்றவரே அடுத்த நிலைக்குச் செல்லலாம். அச்சான்றிதழுக்கு எடையுண்டு. வந்தவர்க்கெல்லாம் வழங்கப்படுவது வெறும் வருகைச் சீட்டே.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? அவர் எங்கே பயின்றவர்? கயிறும் தலைக்கவசமும் எத்தனை ஆண்டுப் பழையவை? உணவும் பயணமும் கட்டணத்தில் அடங்குமா? முடிவில் பிள்ளை தனித்துச் செய்யக்கூடியது எது? பின்னர்க் கட்டணத்தை நாட்களால் வகுக்காதீர்கள். உண்மையாகக் கற்பிக்கும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். மிகக் குறைந்த கட்டணத்தையும் ஐயுறுங்கள். மிச்சம் பிடித்தது கயிற்றிலாக இருக்கலாம்.

அளவையில் மோசம் செய்யலாகாதென்பது விற்பவருக்கு மார்க்கம் விதித்த கட்டளை. அளந்து வாங்குவது நம் பொறுப்பு. அம்மாணவன் குணமடைந்துவிட்டான். என் மகன் இப்போது அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரிடம் கட்டுப்போடக் கற்கிறான். அதற்குச் சான்றிதழ் இல்லை; ஆனால் கட்டு அவிழ்வதில்லை.