நரகத்துக்கு நாலு பேர்

நரகம் என்றால் நமக்கு எண்ணெய்க் கொப்பரைதான் ஞாபகம் வரும். 2005-ல் 'அந்நியன்' வந்த பிறகு கும்பிபாகம், கிருமிபோஜனம் எல்லாம் டீக்கடை பெஞ்சு வரைக்கும் பிரபலம். ஆனால் சீனியாரிட்டி, பிரமோஷன், ஒப்பந்தப் பத்திரம் சகிதமாக ஒரு நரகம் இருக்கிறது, தெரியுமோ? அது தயாரானது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊரில்.

கேரி கைகாக்ஸ் என்று ஒரு ஆசாமி. சிகாகோவில் இன்ஷூரன்ஸ் உத்தியோகம். எவனுக்கு எவ்வளவு ரிஸ்க் என்று கணக்குப் பார்க்கிற வேலை. 1970-ல் அது போயிற்று. வீட்டில் செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டினார். 1974-ல் டேவ் ஆர்னசன் என்பவருடன் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். முதலில் அச்சடித்தது ஆயிரமே பிரதிகள்.

ஜெயிக்கிறது, தோற்கிறது எல்லாம் இதில் கிடையாது. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கு ஒரு வேஷம். "கதவைத் திறக்கிறேன்" என்பீர்கள். "திறந்தாச்சு. உள்ளே இருட்டு. ஏதோ மூச்சு விடுது" என்பார் கதைக்காரர். அப்புறம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். உங்கள் தலையெழுத்து அதில்.

இதில் பிசாசுகள் இரண்டு ஜாதி. 'டீமன்' என்பது பேட்டை ரௌடி, கண்டதும் அடிக்கும். 'டெவில்' அப்படியில்லை. சட்டம் தெரிந்த அயோக்கியன். மேலதிகாரிக்குக் கும்பிடு, கீழே இருப்பவனுக்கு உதை. 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் இவர்களுக்கு வரிசைக்கிரமமாகப் பதவிகள் உண்டு. அடிமட்டத்தில் 'லெமூர்' என்கிற சதைப் பிண்டம், உச்சியில் அஸ்மோடியஸ். (எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? எனக்கும்தான்.) 1978-ல் நரகம் ஒன்பது அடுக்கு என்று அச்சிலேயே போட்டுவிட்டார்கள். கனடாக்காரர் எட் கிரீன்வுட் 1983-ல் 'டிராகன்' பத்திரிகையில் அந்த அடுக்குகளை மாடிமாடியாகச் சுற்றிக்காட்டினார். எல்லாம் நெருப்பு என்று நினைக்காதீர்கள். ஒன்று இரும்பு நகரம், ஒன்று ஓயாமல் மழை கொட்டும் சேற்றுக்காடு, எட்டாவது முழுக்கப் பனிக்கட்டி.

நம்ம ஊர்ச் சரக்கும் உண்டு. அதே 1977 புத்தகத்தில் புலித்தலையோடு சுங்கான் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ராட்சசன். 1980-ல் வந்த தெய்வங்கள் புத்தகத்தில் எமனுக்கும் கார்த்திகேயனுக்கும் எத்தனை அடி தாங்குவார்கள் என்று நம்பர் போட்டிருக்கிறது. முருகனுக்கு மார்க் போட்ட துணிச்சலை என்னவென்று சொல்ல!

எண்பதுகளில் அமெரிக்காவில் ஒரே கூச்சல். பிள்ளைகளைச் சாத்தானிடம் அனுப்புகிற விளையாட்டு என்று பெற்றோர் சங்கங்கள் கொடி பிடித்தன. 1989 பதிப்பில் டெமன், டெவில் என்ற பெயர்களைக் கம்பெனியே நைஸாக மறைத்தது. 2000-ல் பழைய பெயர்களோடு திரும்பி வந்தார்கள். 2019-ல் வந்த அவெர்னஸ் சாகசத்திலோ யுத்த வண்டிகளுக்குப் பெட்ரோலே வேண்டாம். ஆத்மா அடைத்த நாணயத்தைப் போட்டால் ஓடும்.

எனக்கு என்னவோ பழைய பாணிதான் பிடிக்கும். அதில் தாட்சண்யம் கிடையாது. உங்களால் சமாளிக்க முடிந்த எதிரிதான் வருவான் என்ற உத்தரவாதமே இல்லை. சாதாரண வாள் பல டெவில்களைக் கீறக்கூடச் செய்யாது. ஓடத் தெரிய வேண்டும், பேசத் தெரிய வேண்டும், எத்தனை தீப்பந்தம் மிச்சம் என்று எண்ணத் தெரிய வேண்டும். செத்தால் செத்ததுதான். அந்தக் கேரக்டரின் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுசாக ஒன்று எழுத வேண்டியதுதான்.

எங்கள் ஆபீஸில் நாலு பேரைப் பிடித்து, சனிக்கிழமை ராத்திரிகளில் நரகத்துக்குக் கூட்டிப் போனேன். கதைக்காரன் நான். ஆடிட் செக்‌ஷன் சீனியர் ஒருவர் திருடன் வேஷம் கட்டினார். ஆபீஸில் பியூன் நீட்டுகிற டீ பில்லைக்கூட மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வீரன் வேஷம், புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அவனுக்கு கௌஹாத்திக்கு மாற்றல் வந்துவிட்டது. திங்கட்கிழமை ரயில். அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம்.

இரும்புப் பாலத்தில் மற்றவர்களை ஓடவிட்டுத் தனியாக நின்றான் வீரன். பகடையில் ஒன்று விழுந்தது. இருபதில் ஒன்று! ஆள் காலி. பையன் சிரித்துக்கொண்டே, "பரவால்ல சார், எப்படியும் நான் கிளம்பறவன்தானே" என்று காகிதத்தைக் கிழிக்கக் கை வைத்தான்.

"இருப்பா" என்றார் ஆடிட் சார்.

பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு டெவில் பத்திரத்தோடு நிற்பதாக வைத்திருந்தேன். செத்தவன் எழுந்திருப்பான், பதிலுக்குக் கையெழுத்துப் போடுகிறவரின் ஆத்மா. பதினோரு ஷரத்து, பொடி எழுத்தில் நானே எழுதியது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருபது நிமிஷம். நாலாவது ஷரத்து ஒன்பதாவதோடு இடிக்கிறது என்றார். 'ஆத்மா' என்பதற்கு விளக்கம் எங்கே என்றார். திருத்தினேன். ஆறாவதை அடித்து எழுதச் சொன்னார். எழுதினேன்.

"வேண்டாம் சார், உங்க திருடன் ரெண்டு வருஷமா வர்றான்" என்றான் பையன்.

"நீ சும்மா இரு தம்பி. உயிரோட ஊர் போய்ச் சேரு."

கையெழுத்துப் போட்டார். கீழே தேதியும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு டூப்ளிகேட் காப்பி வேணும்" என்றார்.