பஞ்சிக்குக் கணக்கு வராது

இரத்தப் பரிசோதனை எல்லாம் நோர்மல். "உனக்குப் பஞ்சி" என்று வீட்டில் கதையை முடித்துவிட்டார்கள். ஆனால் நாட்பட்ட களைப்பு நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை.

2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வகுத்த அளவுகோல் நாளாந்த வாழ்க்கையைத்தான் பார்க்கிறது: 6 மாதத்துக்கு மேலாகப் பழைய வேலைகளைச் செய்ய ஏலாத களைப்பு, நித்திரை கொண்டும் ஆறாத அலுப்பு, சின்ன அலைச்சலுக்குப் பிறகும் மோசமாகிற உடம்பு. இவற்றோடு மறதி, யோசிக்கச் சிரமம் போன்றவையோ, எழுந்து நின்றால் கூடும் தலைச்சுற்றோ சேரவேணும்.

அந்த மோசம் பலவேளை அடுத்தநாள்தான் வரும். அதனால் கொப்பியில் இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன். திங்கள் உடுப்புத் தோய்த்தேன். செவ்வாய் கட்டிலை விட்டு எழும்ப ஏலேல்லை. பஞ்சிக்கு இப்படிக் கணக்கு வராது.

ஆராவது களைப்பெண்டு சொன்னால், "நேற்று என்ன செய்தனி?" என்று கேட்டுப் பாருங்கோ.