ஐந்தாவது கியரும் ஆடிக் காற்றும்

கொங்கு நாட்டில் கான்டெஸா நிற்கும் வீட்டை வைத்து இன்றும் வழி சொல்வார்கள். "கான்டெஸா நிக்குதுங்களே, அந்த ஊட்டுக்கு அடுத்த சந்துங்க" என்றால் போதும். நீண்ட பானெட், கதவுக்குப் பின்னால் கொஞ்சம் ஒடுங்கி மறுபடி திரளும் பக்கவாட்டு, தாராளமாக உட்காரும் உள்ளறை. அமெரிக்கர்கள் மஸில் கார் என்று கொண்டாடும் உருவத்துக்கு நம் நாட்டில் நெருங்கி வந்தது அது ஒன்றுதான்.

உருவம் மட்டும்தான் வந்தது. பிரிட்டனில் 1972 முதல் 1978 வரை வாக்ஸால் நிறுவனம் விக்டர் என்றும் வி.எக்ஸ். என்றும் விற்ற காரின் அச்சுகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, 1984-இல் கான்டெஸாவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே அந்த உடம்புக்குள் 1.8 லிட்டர், 2.3 லிட்டர் எஞ்சின்கள் இருந்தன. வென்டோரா என்ற பெயரில் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின்கூட அதற்குள் உட்கார்ந்தது. இங்கே வந்தபோது கிடைத்தது அம்பாசடரில் ஓடிக்கொண்டிருந்த 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன், நான்கு கியர். சில ஆண்டுகள் கழித்து இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகுதான் கான்டெஸாவுக்கு அதன் உடம்புக்கேற்ற ஓட்டம் வாய்த்தது. முன்னதாக வாங்கியவர்களிடம் நான்கு கியர் வண்டியே நின்றுவிட்டது. எங்கள் பெரியப்பா வாங்கியது அந்த முதல் வகை.

பெரியப்பா காலமான பின் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீட்டில் அந்தக் கார் அண்ணன் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சின் நன்றாக இருந்தது. ஆனால் எண்பதைத் தாண்டினால் அலறல். இன்னொரு கியர் இருக்கக்கூடாதா என்று கை தானாகத் தேடும். அன்றைய சாலையில் அறுபதே பெரிய வேகம், நான்கு கியர் குறையாகத் தெரியவில்லை. நீலாம்பூர் தாண்டி செங்கப்பள்ளி வரைக்கும் விரிந்து கிடக்கும் ஆறு வழிச் சாலையில் இன்று எண்பதில் போனால் பின்னால் வருகிற லாரி ஹாரன் அடிக்கிறது. பழைய காரை விசேஷத்துக்கு மட்டும் எடுக்க வேண்டியதுதான் என்ற நிலைக்கு அண்ணன் வந்திருந்தார். அங்கிருந்துதான் ஓவர்டிரைவ் பேச்சு ஆரம்பமானது.

நான்காவது கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பெட்டியின் பின்னால் இருக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரு சுற்றுதான். ஓவர்டிரைவ் என்பது அதற்கும் மேலே ஒரு படி. எஞ்சின் சுமார் 0.8 சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றும். எளிய கணக்குக்காக டயரின் சுற்றளவு 2 மீட்டர், கிரவுன் பினியன் விகிதம் 4 (ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டர் போக சக்கரம் 50,000 முறை சுற்றும். நான்காவது கியரில் எஞ்சின் 2,00,000 சுற்று. ஐந்தாவதில் 1,60,000. ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் நாற்பதாயிரம் சுற்றுகள் மிச்சம். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அத்தனை தேய்மானம் மிச்சம். நான்காவதில் எண்பதில் போகும்போது எஞ்சின் எந்தச் சுற்றில் ஓடியதோ, ஐந்தாவதில் நூறில் போகும்போதும் அதே சுற்றில்தான் ஓடும். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது விஷயம். நாற்பது வயது எஞ்சினின் ஆயுள்தான் முதல் விஷயம்.

அமெரிக்காவில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ முதல் அந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றுக்கு நான்காவது கியரே கடைசி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஓவர்டிரைவ் உள்ள பெட்டிகள் பெருகின. எண்பதுகளில் போர்க்-வார்னர் டி-5, பிறகு ட்ரெமெக் பெட்டிகள். இன்று பழைய வண்டிக்காரர்கள் அவற்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள், தாங்கு சட்டம் முதல் போல்ட் வரை ஒரே தொகுப்பாக வந்துவிடுகிறது. நம் பி.எம்.சி. எஞ்சினுக்கும் இந்த உறவு புதிதல்ல. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சின் அம்பாசடர் எஞ்சினுக்குப் பங்காளி. அந்தக் காருக்கு லேகாக் ஓவர்டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழி அந்தக் காலத்திலேயே இருந்தது. நமக்குத்தான் யாரும் தரவில்லை.

இசுசு எஞ்சினையே முழுசாக இறக்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அது சுலபமான வழி, கம்பெனியே செய்த வழி. அண்ணன் ஒப்பவில்லை. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். பெரியப்பா சாவி திருகினால் கேட்ட அதே சத்தம் கேட்க வேண்டும் என்பதுதான் பெரிய காரணம். எஞ்சின் அப்படியே, பெட்டி மட்டும் இசுசு என்று முடிவானது. உடைப்புக்குப் போன ஒரு அம்பாசடர் 1800-இலிருந்து பெட்டி கிடைத்தது.

வேலை நடந்தது கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில். அந்தப் பட்டறையின் பெரியவர் பெட்டியைத் தரையில் வைத்துச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது. "மாட்டறது பெருசில்லீங்க, நடு சேரோணும். நடு சேரலைன்னா பேரிங் அழுதுட்டே இருக்கும்." எஞ்சினின் பின்முகத்துக்கும் இசுசு பெட்டியின் முன்முகத்துக்கும் போல்ட் ஓட்டைகள் பொருந்தாது. நடுவில் ஒரு அலுமினியத் தகடு வேண்டும். ஒரு முகத்தில் பி.எம்.சி. ஓட்டைகள், மறுமுகத்தில் இசுசு ஓட்டைகள். இதுவரை யாரும் செய்துவிடலாம். கிராங்கின் மையமும் பெட்டியின் முன்ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் விழுவதில்தான் கஷ்டம். பழைய மஸில் கார் வேலைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் எல்லை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர். தாண்டினால் கியர் சிக்கும், ஐந்தாவது தானாக நழுவும், முன் பேரிங் சீக்கிரம் போகும்.

பெரியவர் ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, எஞ்சினைக் கையால் மெல்ல உருட்டி, முள் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று சாக்பீஸால் தகட்டிலேயே குறித்துக்கொண்டார். ஏறிய பக்கம் ஒரு துளி தள்ளி, டவல் பின்னுக்குப் புது ஓட்டை போட்டு, மறுபடி உருட்டினார். முள் சும்மா கிடக்கும்வரை அதே வேலை. தகட்டின் கனமும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. கனம் கூடினால் முன்ஷாஃப்டின் மூக்கு கிராங்குக்குள் இருக்கும் பைலட் புஷ்ஷை எட்டாது. குறைந்தால் போய் முட்டும். அந்தப் புஷ்ஷையும் வெண்கலத்தில் புதிதாகக் கடைந்தார்கள், வெளிவிட்டம் பி.எம்.சி. கிராங்குக்கு, உள்விட்டம் இசுசு ஷாஃப்டுக்கு. கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான். வெளிவட்டம் பழைய பிளேட்டின் அளவில், நடுவில் இருக்கும் பல் இசுசுவுடையது, இரண்டையும் சேர்த்து ரிவெட் அடித்தது. ஒரு நல்ல விஷயம், தரைத்தளத்தை எங்கும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த கான்டெஸாவில் இதே பெட்டி இதே உடம்புக்குள் உட்கார்ந்ததால் இடம் ஏற்கனவே இருந்தது.

எனக்கு அங்கே புதிதாகப் புரிந்தது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் விஷயம். ஐந்தாவது கியரில் எஞ்சின் அமைதியாக இருக்கும், ஷாஃப்ட் அமைதியாக இருக்காது. மேலே போட்ட கணக்கில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 2,670 சுற்று, ஷாஃப்ட் 3,330. முன்பெல்லாம் எஞ்சின் அலறல்தான் நம்மை எண்பதிலேயே நிறுத்தியது, அதனால் ஷாஃப்ட் அந்தச் சுற்றைத் தொட்டதே இல்லை. இப்போது நிறுத்த ஆளில்லை. குட்டையாக்கி வெல்டு வைத்த ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் தொண்ணூறில் இருக்கையே அதிரும். யு.ஜே. கிராஸ் புதிது, பேலன்ஸிங், இரண்டு முனையிலும் கோணம் சமமா என்ற பரிசோதனை, இவற்றுக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர் ஐந்தாவது கியரை நினைக்கவே கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. பிரேக்கும் அப்படித்தான். வேகம் கூடும் வண்டிக்கு நிற்கும் திறனும் கூட வேண்டும்.

இந்த வேலை கோவையிலேயே முடிந்ததில் எனக்குப் பெருமை உண்டு. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே கட்டிய கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. 1995-இல் விமான விபத்தில் அவர் போன பின் செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சிங்காநல்லூரில் பல்சக்கரத்தையே முழுத் தொழிலாகக் கொண்டு சாந்தி கியர்ஸ் வளர்ந்தது. பம்பு செட்டும் நூற்பு மெஷினும் செய்து பழகிய கைகள் கணபதியிலும் குறிச்சியிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. விற்பனைக்கு வராத சாமானைத் தானே கடைந்துகொள்வது இங்கே அன்றாடம்.

முதல் நீண்ட ஓட்டம் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழநிக்கு. ஜி.டி. நாயுடு 1920-இல் தன் முதல் பஸ்ஸை ஓட்டிய தடம் அது. ஆடி மாதம். அண்ணன் ஐந்தாவதைப் போட்டதும் சத்தம் சட்டென்று இறங்கி, பின் இருக்கையில் பேசுவது முன்னால் கேட்டது. எண்பதில் வண்டி அலுங்காமல் போனது. இவ்வளவு இழுவை இந்த எஞ்சினுக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. திரும்பும்போதுதான் அதன் இன்னொரு பங்காளி யார் என்று தெரிந்தது. அதே சாலை, அதே வண்டி, ஐந்தாவதில் எண்பது நிற்கவில்லை. எழுபத்தைந்து, எழுபது என்று இறங்கிக்கொண்டே வந்தது. நான்காவதுக்கு இறக்கினால்தான் வண்டி மறுபடி உயிர் பெற்றது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று அது. வைகாசிக் கடைசியில் கிளம்பி ஆவணிவரை மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். உடுமலைப் பக்கம் காற்றாலைகளை நட்டது அந்தக் காற்றை நம்பித்தான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். எண்பதில் போகும் வண்டிக்கு எதிரே முப்பது கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால் அது நூற்றுப் பத்தில் போவதுபோல், தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே காற்று முதுகில் அடித்தால் வண்டி காற்றைப் பொறுத்தவரை ஐம்பதில்தான் போகிறது, தடை பாதிக்கும் கீழே. ஐந்தாவது கியரோ சக்கரத்துக்குப் போகும் இழுவையை நான்காவதில் இருந்ததில் ஐந்தில் நான்காகக் குறைக்கிறது. 200 குதிரைத்திறனுக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்க வண்டிக்கு இந்தக் கழித்தல் தெரியாது. 50 குதிரைத்திறன் கான்டெஸாவுக்குத் தெரியும்.

அதிலிருந்து நாங்கள் ஓட்டும் முறையே மாறியது. கோவையிலிருந்து பாலக்காடு போகும்போது வாளையார் தாண்டும்வரை நான்காவது, திரும்பும்போது ஐந்தாவது. மழைக்காலம் முடிந்து மேற்குக் காற்று ஓய்ந்த தை, மாசியில் இரண்டு பக்கமும் ஐந்தாவது. எழுபதுக்குக் கீழே ஐந்தாவதைத் தொடுவதில்லை; சுற்று குறைந்து எஞ்சின் திணறினால் ஆயில் அழுத்தமும் குறைந்து பேரிங்குக்கு அடி விழும், மிச்சப்படுத்திய ஆயுள் அங்கே போய்விடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் கியர் இருப்பதே நினைவுக்கு வராது.

பழைய வண்டியை அதன் பிறவி உருவத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். அவினாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் அப்படிக் காப்பாற்றியவற்றைப் பார்க்கும்போது அந்தக் கண்டிப்பின் அருமை தெரிகிறது. சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது: 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. அண்ணனுக்கு ஓட்ட வேண்டும். உடுமலையில் பெண் பார்க்கப் போகும்போதும், பழநிக்குக் காவடி எடுக்கும்போதும், பேத்தியைக் கல்லூரியில் விடும்போதும் அந்தக் காரே போக வேண்டும். அதனால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தோம். வண்டியின் உடம்பில் ஒரு இடத்தைக்கூட வெட்டவில்லை, ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய நான்கு கியர் பெட்டி, பழைய ஷாஃப்ட், பழைய கிளட்ச் பிளேட் மூன்றும் கிரீஸ் தடவி தோப்பு வீட்டு அட்டாலியில் இருக்கின்றன. வண்டிக்கு ஐம்பது வயதாகும்போது யாராவது பழையபடி மாற்ற விரும்பினால் ஸ்பானரோடு வந்தால் போதும்.

தகட்டின் அளவுகளைப் பெரியவரின் மகன் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கிறார். ஈரோட்டிலிருந்து ஒருவர், அவரிடமும் பி.எம்.சி. கான்டெஸா, கேட்டு வந்தார். அண்ணன் படத்தை அப்படியே கொடுத்துவிட்டு, ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்: "தகட்டை வெட்டுறதுக்கு முன்னால உங்க எஞ்சின்ல டயல் கேஜ் வெச்சுப் பாருங்க. எங்க வண்டி நடு வேற, உங்க வண்டி நடு வேறங்க."