ஃபேனி போட்ட கணக்கு

அமெரிக்காவில் சார்லஸ் ஷ்வாப் என்ற நிதி நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு கருத்துக்கணிப்பு நடத்துகிறது. ஒருவரைப் பணக்காரர் என்று சொல்ல அவரிடம் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு கேள்வி. 2023-இல் வந்த சராசரிப் பதில் 22 லட்சம் டாலர். வேடிக்கை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. பதில் சொன்னவர்களில் 48 சதவீதம் பேர், ‘நான் இப்போதே பணக்காரன்தான்’ என்றிருக்கிறார்கள். அவர்களுடைய சொத்தின் சராசரி 5.6 லட்சம் டாலர். அது ஒன்றும் சில்லறைக் காசு இல்லைதான். ஆனாலும் ஊருக்கு ஓர் அளவு, தனக்கு அதில் கால்வாசி. மீதி முக்கால் பங்கை இவர்கள் எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

சம்பளத்தைக் கொண்டு நிரப்ப முடியாது என்று மட்டும் அடித்துச் சொல்வேன். என் அக்கா மகனும் அவன் மனைவியும் மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறார்கள். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் மாதம் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. அவன் அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணத்தை இவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் எப்போது கேட்டாலும் “கை டைட்டு மாமா” என்பான். பொய் இல்லை. பெருங்குடி ஃப்ளாட்டுக்கு இ.எம்.ஐ., காருக்கு இ.எம்.ஐ., மூத்தவனின் பள்ளிக் கட்டணம், பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு, இதெல்லாம் போக எஸ்.ஐ.பி. ஒருநாள் மடிக்கணினியைத் திறந்து எக்ஸெல் தாளைக் காட்டினான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசை வரிசையாகக் கட்டங்கள். கீழே இழுத்துக்கொண்டே போனான். ஒரு வரியில் ‘பாப்பா கல்யாணம் – 2047’ என்று இருந்தது. பாப்பா அந்த நேரம் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். விலைவாசி ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறும் என்று வைத்து மண்டப வாடகைவரை போட்டிருந்தான். கடைசிக் கட்டம் சிவப்பு. “பத்தலையே மாமா” என்றான். மாப்பிள்ளை பிறந்துவிட்டானா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு 2003-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை ஒரு பெயர் வைத்தது: ஹென்றி. நிறையச் சம்பாதிக்கிறார்கள், இன்னும் பணக்காரர் ஆகவில்லை என்பதை ஆங்கிலத்தில் எழுதி முதலெழுத்துகளைக் கோத்தால் வரும் பெயர். எனக்கு ஹென்றி என்றால் ஞாபகத்துக்கு வருகிற ஆள் வேறு. ஜேன் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றி ஆஸ்டின். லண்டனில் வங்கி நடத்தியவர், தங்கையின் நாவல்கள் அச்சேற அலைந்தவர், 1816-இல் வங்கி திவாலாகிப் பாதிரியாராகப் போனவர். தங்கையோ, ஒரு பாத்திரத்தின் மூக்கும் முழியும் எப்படி என்று சொல்வதற்கு முன்பே அவருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற ரகம்.

1811-இல் வந்த அவருடைய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் இரண்டாம் அத்தியாயத்துக்காக மட்டும் அந்த நாவலை அவ்வப்போது எடுப்பேன். ஜான் டாஷ்வுட்டின் அப்பா சாகும் தறுவாயில், தன் இளைய தாரத்தையும் அவள் பெற்ற மூன்று பெண்களையும் பார்த்துக்கொள்ளும்படி மகனிடம் கேட்டுக்கொள்கிறார். எஸ்டேட் மகன் பக்கம் போய்விடுகிறது. அந்த அம்மாளுக்கும் பெண்களுக்கும் மிஞ்சியது எல்லாம் சேர்த்து 10,000 பவுண்டு. வட்டி ஆண்டுக்கு 500 வரும். ஜானுக்கு ஏற்கெனவே வசதி. இப்போது ஆண்டுக்கு 4,000 பவுண்டு கூடுதலாக வரப்போகிறது. அந்த நினைப்பிலேயே அவனுக்கு நெஞ்சு இளகுகிறது. தங்கைகளுக்கு ஆளுக்கு 1,000 என்று 3,000 பவுண்டு கொடுத்துவிடலாம் என்று தீர்மானிக்கிறான். பல நாள் அதையே நினைத்து நினைத்துப் பூரிக்கிறான். நாவல் முழுக்க அவன் பணக்காரன். பணக்காரன் என்ற நினைப்போடு இருந்தது அந்தச் சில நாள் மட்டும்.

பிறகு மனைவி ஃபேனி வாயைத் திறக்கிறாள். அவள் கத்துவதில்லை, அழுவதில்லை. கணக்குப் போடுகிறாள். நம் பிள்ளையிடமிருந்து இவ்வளவு பணத்தைப் பிடுங்குவதா? கொடுத்த பணம் திரும்பி வருமா? ஜான் ஆளுக்கு 500 என்று பாதியாக்குகிறான். அதுவும் அதிகமாகப்படவே, அந்த அம்மாளுக்கு மட்டும் உயிருள்ளவரை ஆண்டுக்கு 100 கொடுக்கலாமா என்கிறான். ஃபேனி யோசிக்கிறாள். 1,500 மொத்தமாகப் போவதற்கு இது மேல்தான். ஆனால் அவள் பதினைந்து வருஷம் இருந்து தொலைத்தால்? வருஷா வருஷம் பணம் வருகிறது என்றால் மனிதர்கள் சாகவே மாட்டார்கள் என்பது அவள் கண்ட அனுபவம். அவள் அப்பா உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போக, அவள் அம்மா மூன்று பழைய வேலைக்காரர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை தண்டம் அழுதிருக்கிறாள். சரி, அவ்வப்போது தோன்றினால் 50 கொடுப்போம் என்று ஜான் இறங்கி வருகிறான். அதுவும் நிற்கவில்லை. வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்ற ஒத்தாசை, பருவத்தில் மீனும் வேட்டைக் கறியும் அனுப்புவது என்று வந்து முடிகிறது. வண்டி இல்லை, குதிரை இல்லை, நாலு பெண்களுக்கு 500 பவுண்டில் என்ன செலவு, அவர்கள்தான் நமக்கு ஏதாவது தரவேண்டியிருக்கும் என்பது ஃபேனியின் முத்தாய்ப்பு. போதாக்குறைக்கு, மாமியார் எடுத்துப்போகிற பீங்கான் செட் இந்த வீட்டில் இருப்பதைவிட அழகு என்ற வயிற்றெரிச்சல் வேறு.

அவ்வளவு பேச்சிலும் ஒரு காசு அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. ஆனால் அத்தியாயத்தின் தொடக்கத்தில் செல்வந்தனாக உட்கார்ந்த ஜான், முடிவில் இல்லாதவனாக எழுந்திருக்கிறான். ஃபேனியைக் கெட்டவள் என்று தள்ளிவிட்டால் நமக்குச் சௌகரியம். அவள் போட்ட கூட்டல், பெருக்கலில் பிழை இல்லை. அக்கா மகனின் தாளிலும் பிழை இல்லை. 2047 வரை நீட்டினால் எவர் தாளிலும் கடைசிக் கட்டம் சிவப்பாகத்தான் இருக்கும்.

கணக்கே பார்க்காமல் இரு என்று உபதேசம் செய்ய வரவில்லை. எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் அம்மாள் பார்க்கிற கணக்கை எந்த எக்ஸெலும் பார்க்காது. தண்டல்காரரிடம் வாங்கிய பணத்தில் விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சரக்கெடுத்து, சாயங்காலம் வட்டியோடு கட்ட வேண்டியவர். எலெக்ட்ரானிக் தராசில் பத்து கிராம் கூடினால் ஒரு பீன்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அதே கை, பையை நீட்டும்போது ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய் என்று பார்க்காமல் அள்ளிப் போடும். “வச்சுக்க சார்.” கொசுறு என்பது வாடிக்கையைத் தக்கவைக்கும் உத்தி என்று வியாபாரம் படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த ஒரு வீச்சில் அவரிடம் தெரிவது ஜமீன்தாரிணியின் தோரணை. அக்கா மகன் வீட்டில் எல்லாம் செயலி. அதில் கறிவேப்பிலைக்கும் விலை உண்டு.

ஃபேனியிடம் ஏமாந்த தங்கைகளில் மேரியானுக்குப் பணம் என்றால் இளக்காரம். போதுமான அளவுக்கு இருந்தால் சரி, அதற்கு மேல் செல்வம் எதற்கு என்கிறாள். போதுமானது என்றால் எவ்வளவு என்று அக்கா எலினோர் கேட்கிறாள். ஆண்டுக்கு 1,800, இல்லை 2,000 பவுண்டு, அதற்கு மேல் வேண்டாம். எலினோருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவள் செல்வம் என்று மனத்தில் வைத்திருந்ததே 1,000தான். வேலையாட்கள், ஒரு வண்டியோ இரண்டோ, வேட்டைக் குதிரைகள், இவை இல்லாமல் ஒரு குடித்தனம் எப்படி நடக்கும் என்று மேரியான் சண்டைக்கு நிற்கிறாள். ஆஸ்டினின் குறும்பு, கடைசியில் அவளுக்கு வாய்க்கும் கர்னல் பிராண்டனின் வருமானம் சரியாக 2,000.

இதை எழுதியவர், நஷ்டம் வந்தால் தன் தலையில் என்ற ஏற்பாட்டில் அந்த நாவலை வெளியிட்டார். நஷ்டம் நிச்சயம் என்று நம்பித் தன் சொற்ப வருமானத்திலிருந்து அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைத்திருந்தாராம், ஹென்றி எழுதியிருக்கிறார். முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து 140 பவுண்டு வந்தது. மேரியானுக்கு ஒரு மாதத்துக்குக் காணாது. செலவில்லாமல் செய்த வேலைக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று தங்கை மலைத்ததாக அண்ணன் சொல்கிறார். நாவல் காசு வரத் தொடங்கிய காலத்தில் அக்கா கசாண்ட்ராவுக்கு ஆஸ்டின் எழுதிய கடிதம் ஒன்றில், கையில் மிதமிஞ்சிக் கிடக்கும் செல்வத்தைத் தானே செலவழிக்கப்போவதாக ஜம்பம் அடித்துக்கொள்கிறார். இருபது கஜம் பாப்ளின் எடுக்கப்போகிறார், பாதி அக்காவுக்கு, மறுபேச்சு கூடாது. நம் வீடுகளில் பாவாடைக்கு எடுக்கிற பாப்ளின் அல்ல. அந்தக் காலத்தில் அது பட்டும் கம்பளியும் சேர்த்து நெய்த உசத்தித் துணி. ஃபேனி பக்கத்தில் இருந்திருந்தால் பத்து கஜம் ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, கடைசியில் கசாண்ட்ராவுக்கு ஒரு மீன் போய்ச் சேர்ந்திருக்கும்.