புதுப்பேட்டையில ஒரு கார் பாடம்!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா பாஸ்? புரோக்கரை அப்புறமா பார்த்துக்கலாம். முதல்ல சுடுகாட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க!

ஷாக் ஆகாதீங்க. நான் சொல்றது கார்களோட சுடுகாடு. சென்னை, புதுப்பேட்டை! ஓடி ஓடி ஓய்ஞ்சுபோன வண்டிகள் பார்ட் பார்ட்டா பிரிஞ்சு அடுக்கிக் கிடக்கிற ஏரியா. ஒரு வண்டி எதனால செத்துச்சுனு தெரிஞ்சா, உயிரோட இருக்கிற வண்டியில எதைப் பார்க்கணும்னு தானா புரிஞ்சுடும். நாலு வருஷ மெக்கானிக்கல் சிலபஸ்ல வராத பாடம் அங்கே ஃப்ரீயா கிடைக்குது!

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். பறக்கும் ரயில்ல வர்றவங்க சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி, கூவத்தைத் தாண்டினா போதும். மூக்குதான் வழிகாட்டி. பழைய இன்ஜின் ஆயில், கிரீஸ், வெல்டிங் புகை எல்லாம் கலந்து ஒரு வாசனை வருதா? வந்துட்டீங்கனு அர்த்தம். ஒரு கடை முழுக்க கதவு, இன்னொரு கடை முழுக்க ஹெட்லைட், எதிர்க்கடையில ரேடியேட்டர். 2006-ல செல்வராகவன் படத்துக்குப் பேர் கொடுத்த ஏரியா, நேர்ல ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனருமா பரபரன்னு வேலை பார்த்துட்டு இருக்கு.

நான் அங்கே போனது எங்க ஹாஸ்டல் சீனியர் அண்ணனோட. அவருக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைச்சிருக்கு. ஷிப்ட் முடியறப்ப மணி ராத்திரி ரெண்டு. பஸ் கிடையாது. அப்பா சீட்டு எடுத்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் கொடுத்திருக்கார். அந்தக் காசு வீட்டுக்கூரை மாத்த வெச்சிருந்தது. ‘2010 மாடல், சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’னு ஒரு புரோக்கர் சொல்ல, அண்ணன் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கவே ரெடியாயிட்டார். ‘அதுக்கு முன்னாடி ஒரு தடவை விசாரிச்சிடலாம்ணே’னு இழுத்துட்டுப் போனேன்.

முதல் கடை... அடிபட்ட பாடி!

குட்டிக் கார் பார்ட்ஸ் மட்டுமே விற்கிற ஒரு பாய்கிட்ட நின்னோம். “எந்த வண்டி தம்பி நல்லாயிருக்கும்?”னு கேட்டா, அவர் சிரிக்கிறார். “எந்த வண்டிக்குப் பொருள் ஈஸியா கிடைக்குதோ, அதான் நல்ல வண்டி!”

சிம்பிளா சொன்னாலும் செம பாயின்ட். 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரி வரைக்கும் தயாரானது. முப்பது வருஷம்! அதனால இந்த ஊர்ல எந்தப் பட்டறையிலயும் அதுக்குக் கை வைக்கத் தெரிஞ்ச ஆள் உண்டு. 2000-ல வந்த ஆல்ட்டோவும் அப்படித்தான். 1998-ல இருந்து நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலயே பிறந்த சான்ட்ரோவுக்கும் பழைய பார்ட்ஸ் தாராளமா கிடைக்குது. அபூர்வமான மாடல் சீப்பா வருதுனு மயங்கிடாதீங்க. ஒரு ஹெட்லைட்டுக்கு ஊர் ஊரா அலையணும்.

அடுத்து பாய் ஒரு பழைய கதவைத் தூக்கிக் காட்டினார். பாதி தகரம், பாதி பட்டி! டிங்கரிங் பண்ணி, பட்டி பூசி, மேல பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி மின்னும். நீங்க என்ன பண்ணணும்? ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற சின்ன காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. தகரம்னா ஒட்டும். பட்டினா நழுவும். பம்பர்ல முயற்சி பண்ணாதீங்க, அது பிளாஸ்டிக்! பானெட், கதவு இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கானு பாருங்க. பானெட் போல்ட்ல பெயின்ட் உரிஞ்சு ஸ்பேனர் தடம் இருந்தா, அதைக் கழட்டியிருக்காங்க. ஏன்னு கேளுங்க.

வெயில்ல, பகல்ல பாருங்க. ராத்திரியிலயோ மழையிலயோ பார்த்தா எல்லா வண்டியும் அழகுதான்.

ரெண்டாவது கடை... தண்ணி குடிச்ச வண்டி!

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகமிருக்கா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ பள்ளிக்கரணையில கார்கள் மிதந்து போன வீடியோ? அந்த மாதிரி முங்கின வண்டிகள்ல பலது கழுவி, துடைச்சு, சென்ட் அடிச்சு திரும்ப ரோட்டுக்கு வந்துடும். துரு மட்டும் உள்ளுக்குள்ள தின்னுட்டே இருக்கும்.

கண்டுபிடிக்கிறது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில சேத்துக் கறை இருந்தா உஷார். ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தக் குழியைப் பாருங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற ரெயில்ல துரு இருக்கானு விரல் விட்டுத் தடவுங்க. கண்ணாடியை ஏத்திட்டு அஞ்சு நிமிஷம் உள்ளே உட்காருங்க. ஈரச் சாக்கு வாசனை வந்தா, இறங்கி நடையைக் கட்டுங்க. காருக்குள்ள ஓவரா சென்ட் வாசனை வந்தாலும் சந்தேகம்தான்!

மூணாவது கடை... இன்ஜின் அறை!

இங்கே வரிசையா இன்ஜின்கள். “இதெல்லாம் பெரும்பாலும் சூடாகியே செத்ததுங்க”னு ஸ்பேனரோட நின்ன அண்ணன் ஆரம்பிச்சார். அவர் சொன்னதை அப்படியே குறிச்சுக்கோங்க.

வண்டி பார்க்கப் போறப்ப, ‘ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்றேன்’னு முன்கூட்டியே சொல்லிடுங்க. சூடா இருக்கிற இன்ஜின் தன் வியாதியை மறைக்கும். பானெட் தொட்டா ஜில்லுனு இருக்கணும். சாவியை ‘ஆன்’ கட்டத்துக்குத் திருப்பினதும் டேஷ்போர்டுல இன்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைனா, கம்ப்ளெய்ன்ட்டை மறைக்க யாரோ பல்பையே பிடுங்கியிருக்கலாம்!

சைலன்ஸர் புகைதான் ஜாதகம். நீலப் புகைனா இன்ஜின் ஆயில் குடிக்குது. கறுப்புனா பெட்ரோல் அதிகமா போகுது. சூடான பிறகும் விடாம வெள்ளைப் புகைனா கூலன்ட் உள்ளே கசியுது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்க. பால் கலந்த காபி மாதிரி இருந்தா, ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம், செலவு பெருசு. ரேடியேட்டர் மூடியை மட்டும் இன்ஜின் சூடா இருக்கிறப்ப தொடாதீங்க. மூஞ்சியில கொதிநீர் பீய்ச்சும்!

மாருதி 800, ஆல்ட்டோவோட 796 சி.சி. இன்ஜினுக்கு மூணே சிலிண்டர். அதுல ஒண்ணு தூங்கினாலும் ஐடிலிங்ல வண்டி ஜுரம் வந்த மாதிரி உதறும். டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கனு பில்லோட கேளுங்க. பில் இல்லைனா, மாத்தலைனே கணக்கு வெச்சுக்கோங்க.

இப்போ இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கு. 2023-ல இருந்து 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வர ஆரம்பிச்சது. பழைய கார்களோட ரப்பர் குழாய்கள் அதுக்காகச் செஞ்சது இல்லை. பெட்ரோல் டியூப்ல வெடிப்பு, கசிவு, வாசனை இருக்கானு கட்டாயம் பாருங்க. இது மைலேஜ் பிரச்னை இல்லை பாஸ், தீ பிரச்னை!

ஓட்டிப் பாருங்க!

குறைஞ்சது அரை மணி நேரம். பாட்டை ஆஃப் பண்ணுங்க. மேடு பள்ளம் இருக்கிற ரோடு, டிராஃபிக், பாலம் மூணுமே வேணும். நேர் ரோட்டுல ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்குதா? பிரேக் அடிச்சா வண்டி கோணலா போகுதா? பள்ளத்துல ‘டக் டக்’னு சத்தமா? பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகரலைனா கிளட்ச் காலி.

மீட்டர்ல 40,000 கி.மீ.னு காட்டும். ஆனா, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுனு தேய்ஞ்சிருக்கும். எதை நம்புவீங்க? பெடலை நம்புங்க! டயர்லயும் தேதி இருக்கு. பக்கவாட்டுல நாலு நம்பர். ‘2319’னு இருந்தா, 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லாயிருந்தாலும் வயசான டயர் ஹைவேஸ்ல வெடிக்கலாம்.

டிரைவர் ஏர்பேக், புது கார்கள்ல கட்டாயமானதே 2019 ஜூலையிலதான். அதனால நீங்க வாங்குற பழைய வண்டியில உங்களைக் காப்பாத்தப் போறது ரெண்டே பேர்... பிரேக், சீட் பெல்ட். இந்த ரெண்டையும் புதுப்பேட்டையில பழசா வாங்காதீங்க. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், சீட் எல்லாம் இங்கே வாங்கலாம். பிரேக் பார்ட்ஸ், டயர், பெல்ட் மட்டும் புதுசு. இதைச் சொன்னதே கடை போட்டிருக்கிற பாய்தான்!

பேப்பர்தான் பாதி கார்!

தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டி அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ரூபாய் ஆச்சு. 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. ‘எஃப்.சி. நீங்க காட்டிக்கோங்க’னு விற்கிறவர் சொன்னா, அந்தச் செலவை விலையில கழிங்க.

எம்-பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டா ஆர்.சி. தேதி, இன்ஷூரன்ஸ், லோன் இருக்கானு தெரிஞ்சுடும். லோன் இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வேணும். ஆர்.சி.யில இருக்கிற சேஸிஸ் நம்பரை வண்டியில அடிச்சிருக்கிற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க.

பேர் மாத்த ஃபார்ம் 29, 30. ‘கையெழுத்து போட்டுத் தர்றேன், நீங்க மெதுவா மாத்திக்கோங்க’னு சொல்றதைக் கேட்காதீங்க. வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள பேர் மாத்த அப்ளை பண்ணணும். வண்டி கை மாறினாலும் பதிவுல யார் பேர் இருக்கோ, அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடு அவர் தலையிலதான்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஸோ, உங்க பழைய பைக்கை ஜூனியருக்கு விற்கிறப்பவும் இதே ரூல்தான்!

சரி, அந்த ‘டாக்டர் வண்டி’ என்னாச்சு? மறுநாள் காந்தமும் டார்ச்சுமா போனோம். டிரைவர் பக்க மேட்டைத் தூக்கினா, தகரம் பொரிஞ்சு ரோடு தெரியுது. 15 வருஷ ஆர்.சி. 2025-லயே முடிஞ்சிருந்தது. புரோக்கர் உடனே பத்தாயிரம் குறைச்சார். அண்ணன் ஒரு நிமிஷம் யோசிச்சு, “எங்கப்பா கூரை அண்ணே இது”னு சொல்லிட்டு நடந்துட்டார். இப்போதைக்கு கூட வேலை செய்றவர் பைக்ல பின்னாடி உட்கார்ந்து வர்றார். தேடல் தொடருது!

கையில இருக்கிற மொத்தக் காசுக்கும் வண்டி பார்க்காதீங்க. வாங்கின முதல் மாசமே ஆயில், டயர், பேட்டரினு வரிசையா கேட்கும். அதுக்கு ஒரு இருபதாயிரமாவது தனியா எடுத்து வெச்சிருங்க. பார்க்கப் போறப்ப உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், அவர் கூலியைக் கொடுத்துடுங்க. லட்சத்தைக் காப்பாத்துற சில நூறு ரூபாய் அது.

எல்லாம் ஓகேவாகி சாவி கைக்கு வந்தாச்சா? முதல் ரவுண்டு அப்பா அம்மாவோட போயிட்டு வாங்க... பெல்ட் போட்டுட்டு!