தில்லி அஞ்சல்

ரிலே என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் ஒன்று இருந்தது. தில்லியிலிருந்து வரும் செய்தியை நம் வானொலி நிலையங்கள் வாங்கி ஒலிபரப்பியபோது அதைத் தில்லி அஞ்சல் என்றார்கள். ஆங்கிலச் சொல்லும் வழியில் களைத்த குதிரையை மாற்றிக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தந்திக் கம்பிகளில் நெடுந்தூரம் ஓடி வலுவிழந்த மின்னோட்டம், ஒரு மின்காந்தத்தை மட்டும் அசைத்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த அசைவு அடுத்த மின்கலத்தின் சுற்றை மூடும். இன்று கடையில் விரல்நுனி அளவில் கிடைக்கும் ரிலேயும் செய்வது அதைத்தான்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தவை அப்பாவின் விரல்கள். சில வருடங்களாகவே அவருக்குக் கை நடுங்குகிறது. அவருடைய பழைய ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டு, கேசட், வானொலி என்று தேர்ந்தெடுக்க ஒரு சுழலும் குமிழ் உண்டு. இசைத்தட்டுக்குத் திருப்பினால் கை ஒரு படி தாண்டி வானொலியில் போய் நிற்கும். அலைவரிசையில் இல்லாத இரைச்சல் கூடத்தையே நிறைக்கும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. கேட்பதை நிறுத்திக்கொண்டார். அதைக் கவனிக்க எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின.

குமிழுக்குப் பதிலாகப் பொத்தான்கள் வைக்கலாம் என்பது எளிய யோசனை. ஆனால் நாற்காலி வரைக்கும் இசையையே கம்பியில் இழுத்துவந்தால் வழியெல்லாம் 50 ஹெர்ட்ஸ் முனகலைச் சேர்த்துக்கொள்ளும். ரிலேயின் அழகு இங்கேதான் இருக்கிறது. இசை, கருவிகளுக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்தில் முடிந்துவிடும். பொத்தானிலிருந்து போவது உத்தரவு மட்டும், வெறும் நேர்மின்னோட்டம். கம்பி எவ்வளவு நீண்டாலும் இசைக்கு அதனால் பாதகமில்லை. பெட்டியின் வெளியீடு ஆம்ப்ளிஃபையரின் ஒரே உள்ளீட்டுக்குப் போகிறது. அப்பாவின் ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகைக்கூட நான் கழற்றவில்லை.

ரிச்சி தெருவில் ரிலே என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது மோட்டாரை இயக்கும் வகையை. அது உதவாது. பெரிய மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் பொறி, வெள்ளித் தொடுமுனையில் படிந்த படலத்தை எரித்துச் சுத்தம் செய்துவிடும். இசைக்கு அந்த வலு ஏது? ஒரு சிடி பிளேயர் தருவது அதிகம் போனால் 2 வோல்ட். 47 கிலோ ஓம் உள்ளீட்டில் பாய்வது சுமார் 40 மைக்ரோ ஆம்பியர். படலத்தைத் துளைக்க அதற்குத் திராணி இல்லை. ஆகவே படலமே படியாத தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் வேண்டும். தங்கம் என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மின்வெட்டு இன்னொரு கவலை. சாதாரண ரிலே, சுருளில் மின்சாரம் உள்ளவரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். போய்த் திரும்பினால் எல்லாம் மறந்துவிடும். லாட்சிங் ரிலே அப்படியல்ல. உள்ளே இருக்கும் சிறு நிலைக்காந்தம் கடைசி நிலையைப் பிடித்து வைக்கிறது. ஒரு சுருள் சேர்க்கும், மற்றொன்று பிரிக்கும், இடையில் மின்சாரமே தேவையில்லை. நான்கு உள்ளீடுகளுக்கு நான்கு ரிலேக்கள் வைத்தேன். ஒவ்வொரு பொத்தானும் தன் ரிலேயைச் சேர்க்க வேண்டும், மற்ற மூன்றையும் பிரிக்க வேண்டும். பொத்தானிலிருந்து பிரிக்கும் சுருள்களுக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு டையோடுகள். அவை இல்லையென்றால் ஓர் உத்தரவு பின்வழியாகப் புகுந்து அடுத்தவன் வீட்டுக் கதவையும் தட்டும். சுருள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் இன்னொரு டையோடு, மின்சாரம் நிற்கும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தை அடக்க. ஆக இருபது. மைக்ரோகன்ட்ரோலரில் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம் என்றான் நண்பன். எழுதலாம்தான். பத்து வருடம் கழித்து அது பழுதானால் திறந்து பார்ப்பவர் யாராக இருந்தாலும், டையோடுகளை எண்ணியே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஓசையே இல்லாத மின்னணுச் சுவிட்சுகளும் உண்டு. அவற்றையும் வாங்கி வைத்திருந்தேன். அப்பாவிடம் இரண்டையும் பலகையில் காட்டியபோது ரிலேயின் ‘டக்’கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இதுவே இருக்கட்டும்டா. அழுத்தினேனா இல்லையான்னு என் விரலுக்குச் சரியாத் தெரியறதில்ல.”

பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கு மேல் அகலம். இரண்டை ஒன்றாக அழுத்திவிடாதபடி நன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். அவை இருக்கும் மரப்பலகையை நாற்காலியின் வலது கைப்பிடியில் பொருத்தியிருக்கிறது. முதலில் மூன்று நாள் தொடவில்லை. நான்காம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது மாடிப்படியிலேயே நாகஸ்வரம் கேட்டது.

நான்காவது உள்ளீட்டில் இன்றுவரை எந்தக் கருவியும் இல்லை. இரைச்சல் வராதிருக்க அதன் துளைகளைக் குறுஞ்சுற்றுச் செருகிகளால் மூடி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யாராவது பேச வந்தால் அப்பா அந்தப் பொத்தானை அழுத்துகிறார்.