முப்பது விழுக்காடு

1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பெயர்ந்த ரயில்வே பணிமனையின் சங்கொலியில்தான் எங்கள் வீடு விழிக்கும். ரயில்வேக்கும் எங்களுக்குமான உறவு அவ்வளவே. அப்பா வேலை பார்த்தது ஒரு சிறு பட்டறையில். 1991இல் அங்கே பவர் பிரஸ்ஸில் அவரது வலக்கைப் பெருவிரல் போயிற்று. முதலாளி ஆயிரம் ரூபாயும் ஆறுதலும் தந்தார்.

அடுத்த தெருவில் ரயில்வே மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார், தெருவுக்கே சிஸ்டரம்மா. கட்டைப் பிரித்தபடியே கேட்டார்: "அடிபட்ட நேரத்தை யாராச்சும் எழுதி வெச்சீங்களா?" நாங்கள் விழித்தோம்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வந்தது. இடப்பக்கம் கட்டு மாற்றும் நாள்கள், விரல்களுக்கான பயிற்சி. வலப்பக்கம் மருத்துவச் சான்று, சாட்சிகள், தொழிலாளர் துறை அலுவலகம். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், பெருவிரல் போனால் உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாகக் கொண்டது, சுட்டுவிரலுக்கு 14. அவர் சொல்லித்தான் அறிந்தோம். (ஏகலைவனுக்கு இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.)

பணம் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. சிஸ்டரம்மாவின் கவலையோ வேறு. அப்பா கையைத் துண்டுக்குள் மறைத்தே திரிந்தார். தங்கையின் இரட்டைக்கோடு நோட்டைக் கொடுத்து, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனாவைச் செருகி, தினமும் ஒரு பக்கம் எழுத வைத்தார். 'அ'விலிருந்து தொடங்கினார் அப்பா.

மனு கொடுத்த அன்று, "இடக்கை ரேகை வெச்சிடுங்களேன்" என்றார் எழுத்தர். அப்பா துண்டை விலக்கினார். கையெழுத்துப் போட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எழுத்தர் காத்திருந்தார்.